ஐந்நூறு வயதுக் காதலனை என்ன செய்வது?

அல்சூர்வாசகி:

தெரிந்தேதான் இந்தப் பதிவைப் போடுகிறேன். திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும்.

பெங்களூர் சர்ச் தெருவில் எந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் மேசை முழுக்க டிராகன், கிரீடம், குத்துவாள் போட்ட அட்டைகள்தான். யங் அடல்ட் ஃபேன்டஸி, அதாவது இளையோர் மாயக்கதை. காதலைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் ரொமான்டஸி. சனிக்கிழமைகளில் கப்பன் பார்க்கில் புல்லில் துணி விரித்து வாய் திறக்காமல் படிக்கிற கூட்டத்திலும் அதே அட்டைகள். நானும் படிக்கிறேன். அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோ ஊதா லைனில் தினமும் போய்வருகிறவளுக்கு இதைவிடத் தோதான வாசிப்பு கிடையாது. ஆகவே 'படிக்காமல் பேசாதே' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

எனக்கு மாயமும் பிடிக்கும், காதலும் பிடிக்கும். பிடிக்காதது, கதாநாயகன் வந்ததும் கதை படுத்துவிடுவது. முதல் நூறு பக்கம் ஒரு பெண் இருப்பாள். பசி, கோபம், தங்கை, வேட்டை, கடன் எல்லாம் அவளுக்கு இருக்கும். அப்புறம் கறுப்பு உடையில் ஒருவன் சுவரில் சாய்ந்து நிற்பான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ராஜ்ஜியம் கவிழ்ந்தாலும் போர் மூண்டாலும், அவன் தாடை இறுகியதா இல்லையா என்பதுதான் செய்தி.

அடுத்தது வயது. 2005இல் வந்த ட்வைலைட்டின் எட்வர்டு 1901இல் பிறந்தவன். 1918இல் பதினேழு வயதில் ரத்தக்காட்டேரி ஆனவன். நூறு வயது தாண்டியவன் பள்ளிக்கூடத்து உயிரியல் வகுப்பில் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணைக் காதலிக்கிறான். ராத்திரியில் அவளுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சாரா ஜே. மாஸ் எழுதும் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' தொடரில் நாயகி ஃபெய்ராவுக்கு 19, காதலன் ரைசாண்டுக்கு 500க்கு மேல். நம் பொன்னியின் செல்வனில் அறுபது தாண்டிய பெரிய பழுவேட்டரையர் நந்தினியைக் கட்டிக்கொண்டார் என்று நாடே கேலி பேசுகிறது. உடம்பில் அறுபத்துநாலு விழுப்புண் சுமந்த வீரருக்கே அந்தக் கதி. ஐந்நூறு வயதுக்காரனுக்கு மட்டும் முகத்தில் சுருக்கம் விழவில்லை என்பதற்காக ரீல்ஸில் பாட்டுப் போட்டுக் கொண்டாடுகிறோம்.

என் அக்கா மகளுக்குப் பதினாலு வயது. அவள் கையில் மாஸின் அந்தத் தொடரின் இரண்டாம் பாகத்தைப் பார்த்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

டிராகன்தோழி:

அக்கா, படிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பாதியை விழுங்கிவிட்டீர்கள் என்று சொல்வேன்.

அந்த இரண்டாம் பாகத்தில் என்ன நடக்கிறது? முதல் பாகத்துக் காதலன் டாம்லின், பாதுகாப்பு என்ற பேரில் ஃபெய்ராவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறான். அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அவனை விட்டுப் போகிறாள். 'உன் நல்லதுக்குத்தான்' என்று பூட்டுகிறவனை விட்டுப் போகலாம், அவன் ஒருகாலத்தில் நல்லவனாக இருந்திருந்தாலும் போகலாம் என்று ஒரு கதை சொல்கிறது. நம் வீடுகளில் 'உன் நல்லதுக்குத்தான்' கேட்காமல் வளர்ந்த பெண் யாராவது இருந்தால் கை தூக்கவும். அதைப் பதினாலு வயதில் ஒருத்தி படித்தால் என்ன கெட்டுப்போய்விடும்?

அதோடு ஃபெய்ராவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரைசாண்டுதான் கற்றுக்கொடுக்கிறான். இதையும் சொல்லியிருக்கலாமே.

அல்சூர்வாசகி:

சொல்கிறேன். எழுதப் பழகுவதற்கு அவன் கொடுக்கிற வாக்கியங்கள் எல்லாம் அவன் எவ்வளவு அழகன், எவ்வளவு கெட்டிக்காரன் என்பதுதான். வாத்தியார் தன் புகழையே காப்பி எழுதச் சொல்கிறார்!

விளையாட்டு இருக்கட்டும். இதே ரைசாண்டு முதல் பாகத்தில் என்ன செய்தான்? அவளுக்கு மாய மது ஊற்றிக் கொடுத்து, சுயநினைவு இல்லாமல் சபை நடுவில் தினமும் ஆடவைத்தான். இரண்டாம் பாகத்தில் அதற்கு ஒரு விளக்கம் வருகிறது: எல்லாம் அவளைக் காப்பாற்றத்தானாம். டாம்லின் பூட்டியதும் காப்பாற்றத்தான், இவன் மயக்கியதும் காப்பாற்றத்தான். ஒருவன் வில்லன், ஒருவன் உத்தமன். என்ன வித்தியாசம்? இரண்டாமவனுக்கு எழுத்தாளர் வக்கீலாக வந்து நிற்கிறார், அவ்வளவுதான்.

டிராகன்தோழி:

இது நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அந்த இடம் உறுத்தியது. ஆனால் உறுத்திய பிறகும் படித்தேன் அல்லவா? உறுத்துவதைக் கண்டுபிடிக்கிற புத்தி வாசகிக்கு உண்டு என்பதை மட்டும் யாரும் நம்பமாட்டேன் என்கிறீர்கள்.

நாயகன் வந்ததும் கதை படுத்துவிடும் என்ற உங்கள் புகாருக்கு வருகிறேன். 2023இல் வந்த 'ஃபோர்த் விங்' எடுத்துக்கொள்ளுங்கள். நாயகி வைலட்டுக்கு மூட்டுகள் சட்டென்று நழுவும். எழுத்தாளர் ரெபெக்கா யாரோஸுக்கே இருக்கிற ஏலர்ஸ் டான்லோஸ் என்ற கோளாறை வைத்து எழுதியது. பலம் இல்லாதவள், டிராகன் வீரர்கள் பயிலும் கல்லூரியில் எப்படிப் பிழைக்கிறாள்? அடுத்த சண்டையில் எதிராளி யார் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, சாப்பாட்டில் அளவாக விஷம் கலந்து அவர்களைத் தளரவைத்துவிட்டுத்தான் களத்தில் இறங்குகிறாள். முழங்கைப் பட்டை போட்டுக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்கிற எனக்கு, காலையில் எழுந்ததும் எந்த மூட்டு எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கிற ஒரு கதாநாயகி எத்தனை பெரிய விஷயம் தெரியுமா? டிராகன் மேல் உட்கார அவளுக்கு மட்டும் சேணம் வேண்டும். அதில் அவளுக்கு வெட்கம் இருக்கிறது. அந்த வெட்கத்தை எந்தத் தமிழ் நாவலில் எனக்குக் காட்டுவீர்கள்?

அல்சூர்வாசகி:

அந்தச் சேணத்தைச் செய்து கொடுத்தது யார் தங்கச்சி?

டிராகன்தோழி:

சேடன். கதாநாயகன்தான். சரி சரி, சிரிக்காதீர்கள்.

பசவனகுடிதாத்தா:

கல்கி பேரை இழுத்ததால் வருகிறேன். இந்த றெக்கை முளைத்த மன்மதன்களோடு அவரை ஏன் சேர்க்கிறீர்கள்? ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் போகிறான் என்றால், அந்த ஏரி இன்றைக்கும் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஊர், ஆறு, கோயில், கல்வெட்டு எல்லாவற்றிலும் காலூன்றி நிற்கிற கதை அது. இவர்கள் எழுதுவது எந்த மண்? வரைபடம் ஒன்றை முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் நாடு ஆகிவிடுமா? பெண் குழந்தைகள் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போனால் படிக்க எவ்வளவோ இருக்கிறது.

வாடகைநூலகம்:

தாத்தா, கோபித்துக்கொள்ளக் கூடாது. கல்கியும் வாரப் பத்திரிகையில் தொடராக எழுதியவர்தான். அத்தியாயத்தின் கடைசி வரியில் இருட்டில் ஒரு கை நீளும், அடுத்த இதழ் வரை தூக்கம் வராது. எங்கள் அம்மா அதைப் படித்தது கல்வெட்டுக்காக இல்லை, வந்தியத்தேவனும் குந்தவையும் எப்போது மறுபடி சந்திப்பார்கள் என்பதற்காக. ஏரி நிஜம், சம்மதம். நந்தினி கற்பனை. எல்லோருக்கும் மறக்காமல் இருப்பது நந்தினிதான்.

நான் சிவாஜி நகரில் வளர்ந்தவள். எங்கள் தெரு முனையில் ஒரு வாடகை நூலகம். ரமணிசந்திரன் நாவல்கள் அட்டை பிய்ந்து, சாக்கு நூலால் தைத்து, மூலையெல்லாம் எண்ணெய்க் கறையோடு வரும். கடைசிப் பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவதி பேனாவால் எழுதி வைத்திருப்பாள்: 'முடிவு நல்லது. பயப்படாமல் படிக்கவும்.' சில புத்தகங்களில் அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில், 'உண்மை' என்று இருக்கும். நீங்கள் இப்போது ரீல்ஸ் போட்டுச் செய்வதை அப்போது நாங்கள் பேனாவால் செய்தோம்.

அந்த நாயகர்களும் சிடுமூஞ்சிதான். பணக்காரன், காரணமில்லாமல் எரிந்து விழுவான், கடைசியில் விளக்கம் சொல்வான். அல்சூர்வாசகி சொல்கிற வக்கீல் வேலையை நம் எழுத்தாளர்களும் செய்திருக்கிறார்கள். ஆனால் படித்த நாங்கள் யாரும் சிடுமூஞ்சிகளைத் தேடிப்போகவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்த சிடுமூஞ்சிகளுக்கு மனசுக்குள் ஏதாவது நியாயம் இருக்குமோ என்று தேடத்தான் அந்தக் கதைகள் உதவின. அது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

சும்மாபடிக்கிறவன்:

வணக்கம். ஆண் வாசகன். ஃபோர்த் விங் படித்துக்கொண்டிருக்கிறேன், விஷ விவகாரத்தைப் போட்டு உடைத்ததற்கு நன்றி. இனி முன்னெச்சரிக்கை போட்டுவிட்டு எழுதவும். நடைபாதையில் மலிவாகக் கிடைத்த நகல் வேறு. நடுவில் பதினாறு பக்கம் இரண்டு தடவை வருகிறது, அடுத்த பதினாறு பக்கம் இல்லவே இல்லை. அதில்தான் ஏதோ முக்கியமாக நடந்திருக்கிறது போலிருக்கிறது, திடீரென்று இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு குறை. 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' அருமையான கொள்ளைக் கதை. ஆனால் அதில் ஒரு கும்பலையே நடத்துகிற காஸுக்குப் பதினேழு வயதாம். பேச்சும் திட்டமும் நாற்பது வயது ஒப்பந்தக்காரர் மாதிரி இருக்கிறது. பதினேழில் எனக்கு பிஎம்டிசி பஸ் மாறி ஏறாமல் போகத் தெரிந்தாலே பெரிய விஷயம்.

பள்ளிநூலகர்:

காஸ் விஷயத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டு தொட்டது பெரிய பிரச்சினையின் வால். நான் இங்கே ஒரு பள்ளியில் நூலகர், இந்த அலமாரியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

யங் அடல்ட் என்பது சுமாராகப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களுக்கு. 1967இல் அமெரிக்காவில் 'தி அவுட்சைடர்ஸ்' வந்தபோது எஸ்.இ. ஹின்டனுக்குப் பதினெட்டு வயது. பள்ளியில் படிக்கும்போதே எழுதத் தொடங்கியவர். பையன்கள் நிஜமாக எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு பள்ளிப்பெண் எழுதினாள், அதைப் பள்ளிப்பிள்ளைகள் படித்தார்கள். இந்த வகைக்கு அதைத்தான் பிள்ளையார் சுழி என்பார்கள்.

இன்றைக்கு இந்த அலமாரியில் இருப்பதை வாங்குகிறவர்களில் நிறையப் பேர் சம்பாதிக்கிறவர்கள், அல்சூர்வாசகியையும் டிராகன்தோழியையும் போல. பதிப்பகத்துக்கு அது தெரியும். அதனால் நாயகியின் வயது பதினாறு, பதினேழு, பத்தொன்பது என்று ஏறிக்கொண்டே போகிறது. படுக்கையறைக் கதவும் திறந்துகொண்டே போகிறது. சாரா ஜே. மாஸின் அந்தத் தொடரை 2015இல் இளையோர் அலமாரிக்குத்தான் விற்றார்கள். 2020இல் அட்டையை மாற்றிப் பெரியவர்கள் பக்கம் கொண்டுபோனார்கள். உள்ளே ஒரு பக்கமும் மாறவில்லை. பழைய அட்டைப் பிரதிகள் வீடுகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஃபோர்த் விங் தொடக்கம் முதலே பெரியவர்களுக்கான புத்தகம். ஆனால் டிராகன், கல்லூரி, வண்ணம் பூசிய பக்க ஓரம் எல்லாம் பார்த்துவிட்டு, 'ஹாரி பாட்டர் முடித்துவிட்டாள் மேடம், அடுத்தது இதுதானே' என்று பெற்றோரே வாங்கிவந்து பிறந்தநாள் பரிசாகப் பள்ளிக்குக் கொடுக்கிறார்கள்.

நாயகன் நல்லவனா கெட்டவனா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். பதிமூன்று வயதுக்காரி என் மேசை முன்னால் நின்று 'மிஸ், காதல் இருக்கணும், ஆனால் ரொம்ப இருக்கக் கூடாது' என்று கேட்கும்போது என் கையில் கொடுக்கப் புதுப் புத்தகம் சொற்பம். அவள் அலமாரியைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

டிராகன்தோழி:

பெரியவர்கள் எடுத்துக்கொண்டோம் என்பதை ஏற்கமாட்டேன். பெண்கள் எழுதுகிற மாயக்கதை என்றாலே கண்ணை மூடிக்கொண்டு இளையோர் முத்திரை குத்தியது யார்? சிம்மாசனத்துக்கு ஆண்கள் அடித்துக்கொள்வதை எழுதினால் பெரியவர் இலக்கியம், நாயகி பெண், எழுதியவரும் பெண் என்றால் பிள்ளைகள் அலமாரி. வாசகிகள் எங்கே போவோம்? எங்களுக்கு வேண்டிய கதை எங்கே வைத்திருந்ததோ அங்கே போனோம்.

அல்சூர்வாசகி:

இதில் நான் உன் பக்கம். ஆனால் முத்திரை தப்பு என்பதால் பதினாலு வயதுக்காரிக்கு அது சரி ஆகிவிடாது.

எனக்குப் பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அத்தை என்று ஒதுக்கிவிடுவீர்கள். ஹங்கர் கேம்ஸ் (2008). பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிட்டு டிவியில் காட்டுகிற போட்டிதான் கதை. நாயகி காட்னிஸுக்குப் பதினாறு. அதிலும் இரண்டு பையன்கள் உண்டு. ஆனால் பீட்டாவோடு அவள் காதல் முதலில் கேமராவுக்காக. முத்தம் கொடுத்தால் பார்க்கிறவர்கள் இரங்குவார்கள், மருந்தும் சூப்பும் வானத்திலிருந்து இறங்கும். குகைக்குள் காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு அவள் கொடுக்கிற முத்தத்தில் எவ்வளவு பாசம், எவ்வளவு கணக்கு என்று அவளுக்கே தெரியாது. காதல் என்பது யாருக்காகவோ நடிக்கவேண்டியதாக இருக்கும்போது உள்ளே என்ன ஆகும் என்று அந்தப் புத்தகம் கேட்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முன் காபித் தட்டோடு நின்ற எனக்கு அது ஒட்டுமொத்த ரத்தக்காட்டேரிகளையும்விட நெருக்கம்.

பிடிக்காதது, 'தி க்ரூயல் பிரின்ஸ்' (2018). நாயகி ஜூடையும் அவள் இரட்டைச் சகோதரியையும் ஆற்றுக்குள் தள்ளி, நீர்ப்பேய்கள் நெருங்குவதைக் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டத்தின் தலைவன் கார்டன். அவன்தான் காதலன். பள்ளியில் கொடுமைப்படுத்துகிறவன் உள்ளுக்குள் உன்னை விரும்புகிறான் என்ற நஞ்சை எத்தனை தலைமுறைக்குக் கொடுப்பது?

டிராகன்தோழி:

முன்னெச்சரிக்கை: க்ரூயல் பிரின்ஸ் முடிவு வருகிறது. சும்மாபடிக்கிறவர் அண்ணா கண்ணை மூடிக்கொள்ளவும்.

கடைசியில் ஜூட் அவனை ஒரு வருடமும் ஒரு நாளும் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வைத்து, அவன் தலையிலேயே கிரீடம் ஏறவைத்து, அதிகாரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்கிறாள். இதில் காதல்தான் பின்னணி அக்கா, பதவி ஆசைதான் கதை. பையன்கள் மட்டுமே பதவிக்கு ஆசைப்படலாம் என்றிருந்த இடத்தில் ஒரு பதினேழு வயதுப் பெண் பொய் சொல்லி, உளவு பார்த்து, கொலை செய்து மேலே வருகிறாள். நல்ல பெண்ணாக இல்லாத ஒருத்தியைப் படிக்கிற சந்தோஷம் உங்களுக்கு நந்தினியிடம் கிடைக்கவில்லையா?

அல்சூர்வாசகி:

நந்தினி என்றதும் வாயை அடைக்கிறாய். ஜூடைப் பொறுத்தவரை சரி. கார்டனுக்கு மன்னிப்பு கிடையாது.

பத்தாம்வகுப்பு:

எல்லாரும் பெரியவங்க, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 15. கார்டன் நிஜத்தில் வந்தால் பிரின்சிபாலிடம் சொல்லிவிடுவோம், அது எங்களுக்குத் தெரியும். நாங்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிக்கொண்டும் படிப்போம், இன்டர்வெல்லில் சத்தமாகப் படித்துச் சிரிக்கவும் செய்வோம். நிஜப் பிரச்சினை விலை. ஒரு புத்தகம் ஐந்நூறு, அறுநூறு ரூபாய். ஒன்றை வாங்கினால் வகுப்பே படிக்கும். எங்கள் மிஸ் பட்டியலில் இருப்பது எல்லாம் கடைசியில் ஒரு நாய் செத்துப்போகிற கதை.

பள்ளிநூலகர்:

நீ என் பள்ளிதானா என்று கேட்கமாட்டேன். நாய்க் கதைகளைக் குறைத்துக்கொள்கிறேன்.

பசவனகுடிதாத்தா:

குழந்தை, தமிழில் ஏதாவது படிக்கிறாயா? தாண்டிக்கொண்டு படிக்க வேண்டிய பக்கமே இல்லாத புத்தகங்கள் இருக்கின்றன. பதின்வயதுப் பெண்ணுக்கு உடல் சம்பந்தமான ஏக்கத்தை எழுதிக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

வாடகைநூலகம்:

தாத்தா, மார்கழியில் உங்கள் பசவனகுடியில் விடியற்காலை யாருடைய பாட்டைப் பாடுகிறார்கள்? அதே கோதை பாடிய நாச்சியார் திருமொழியை நீங்கள் எந்த அலமாரியில் வைப்பீர்கள்? சங்கை அழைத்து, அவன் வாய் எப்படி மணக்கும் என்று கேட்டவளுக்கு என்ன வயது என்று சொல்கிறார்கள்?

பசவனகுடிதாத்தா:

அது பக்தி. இதோடு சேர்க்காதீர்கள். அந்த ஏக்கம் போய்ச் சேருகிற இடம் வேறு.

வாடகைநூலகம்:

போய்ச் சேருகிற இடம் வேறுதான். கிளம்புகிற இடத்தைத்தான் சொன்னேன். ஏக்கத்தை எழுதக் கூடாது என்றால் நம் மொழியில் அகம் என்று ஒரு பெரும்பகுதியே இருக்காது.

அப்புறம், தமிழில் இல்லை இல்லை என்று பேசுகிறீர்களே. பிரதிலிபி நம் பெங்களூரில் 2014இல் தொடங்கியதுதான். செயலியைத் திறந்து பாருங்கள், பெண்கள் தமிழில் காதலும் மாயமும் கலந்து தொடர் தொடராக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்துப்பிழை இருக்கும், நாயகன் தொழிலதிபராகத்தான் இருப்பான். ஆனால் சமையலை இறக்கிவைத்துவிட்டு எழுதுகிற வேகம் அதில் இருக்கும்.

பள்ளிநூலகர்:

அங்கேயும் எழுதுவதும் படிப்பதும் பெரும்பாலும் பெரியவர்கள்தான். பதிமூன்றுக்குத் தமிழில் இருப்பவை கொஞ்சம், ஆனால் இருக்கின்றன. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது; கீழடிக்குப் போகிற பையனின் கதை. தாத்தா கேட்கிற மண்ணும் இருக்கிறது, மாயமும் இருக்கிறது. காதல் இல்லை. காதல் வேண்டும் என்கிற பதிமூன்றுக்குத் தமிழில் என்ன கொடுப்பது என்று யாராவது சொல்லுங்கள். ஒரு மாதமாக அந்த இடத்தை அலமாரியில் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.

சும்மாபடிக்கிறவன்:

கண்ணைத் திறக்கலாமா?

டிராகன்தோழி:

திறக்கலாம் அண்ணா. அக்காவிடம் ஒரே கேள்வி. எல்லாம் பேசியாயிற்று. உங்கள் அக்கா மகள் கையில் இருந்த புத்தகத்தை என்ன செய்தீர்கள்?

அல்சூர்வாசகி:

வாங்கி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். ஏன் என்று அவளிடம் சொன்னேன், ஒளித்துப் பேசவில்லை. பதினெட்டு ஆனதும் தருகிறேன் என்றேன். அதற்குப் பதில் ஹங்கர் கேம்ஸ் மூன்று பாகமும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

டிராகன்தோழி:

உன் நல்லதுக்குத்தான் என்று சொன்னீர்களா?

அல்சூர்வாசகி:

சொன்னேன். சொல்லத்தான் சொன்னேன். வீட்டைப் பூட்டவில்லை, ஒரு புத்தகத்தை எடுத்துவைத்தேன். பதினாலு வயதுப் பெண்ணின் சித்திக்கும், கூடவே வாழ்கிறவளைப் பூட்டுகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு, அதை நீ ஒருநாள் சித்தியானால் பேசுவோம்.

பத்தாம்வகுப்பு:

சித்தி, இரண்டாம் பாகம் எங்கள் வகுப்பில் மூன்று பேரிடம் இருக்கிறது. அவள் வகுப்பிலும் இருக்கும்.